மரத்தூள் டப்பாவில் ஒட்டிய லேபிள்

உங்கள் மேசைமேல் இருக்கிற லேபிள் பிரிண்டரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன? எண்ணைக் கொடுத்தால் அதுவே பார்கோடு போட்டுத் துப்பிவிடுகிறது. துப்பாவிட்டால் 'சர்வர் டவுன்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். போங்கள், நன்றாகக் குடியுங்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டீர்களே! ஓய்வு பெற்றவனிடம் அப்படிக் கேட்டால் லேசில் விடமாட்டான். சாதனைகளை எழுதப்போவதில்லை, பயப்படாதீர்கள். அவை என் மனைவிக்கே அலுத்துவிட்டன. நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பாதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான சின்னச் சின்ன இரும்பு உதிரிபாகங்களைக் கடைந்து அனுப்பும் ஒரு கம்பெனி. அதில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான்தான். நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு ஏசி. ஏசி இருந்ததால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். முதலாளியே சாக்ஸோடுதான் வருவார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்று இப்போது புரிகிறது.

எங்கள் சரக்கில் முக்கால்வாசி பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போகும். ஒருநாள் அவர்கள் கடிதம் போட்டார்கள்: இனி ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் பார்கோடு லேபிள் இருக்கவேண்டும், கேட்டில் ஸ்கேனர் அதை வாசித்த பிறகுதான் பெட்டி உள்ளே போகும். பார்கோடு அடிக்கவென்றே செய்த பிரிண்டர் அப்போது யானை விலை. முதலாளி என் பிரிண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுலயே அடிச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டு சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த பிரிண்டருக்குப் பார்கோடு என்றால் என்னவென்றே தெரியாது. எழுத்தை அனுப்பினால் மை நாடாவை ஊசிகளால் குத்தி எழுத்தை அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு ரகசிய வழி உண்டு. 27 என்ற எண்ணை முதலில் அனுப்பினால், அடுத்து வருவது கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஊசியைக் குத்து, அதை விடு, இத்தனை புள்ளி தள்ளு என்று நாம் சொன்னபடி ஆடும். ஒவ்வொரு கோட்டையும் புள்ளி புள்ளியாக நானே வரையச் சொன்னேன். பத்து நாள் ஆயிற்று. முதல் லேபிளை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கே போனேன், ஏனென்றால் எங்களிடம் ஸ்கேனர் கிடையாது. நாங்கள் அடிப்பதை எங்களால் வாசிக்க முடியாது, பாருங்கள் கூத்தை! அவர்களுடைய ஸ்கேனர் 'பீப்' என்றதும் நான் கேட் வாசலிலேயே கை தட்டிவிட்டேன். செக்யூரிட்டி முறைத்தார்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு டெஸ்பாட்ச் மேனேஜர் தேவராஜன் வந்து நின்றார். சரக்கை நேரத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர், ஆனால் எப்போதும் வாலில் தீ வைத்தது போல ஓடிக்கொண்டிருப்பார். "லாரி நிக்குது, உன் லேபிள் ஆமை மாதிரி வருது. ஏதாவது பண்ணுய்யா" என்றார்.

லேபிள் மெதுவாக வந்ததற்குக் காரணம் நான் போட்டிருந்த ஒரு கட்டளை. அந்த பிரிண்டரின் தலை இடமிருந்து வலம் போகும்போதும் அடிக்கும், திரும்பி வரும்போதும் அடிக்கும். ஒரு கோட்டின் உயரத்துக்கு நாலைந்து தடவை போய்வர வேண்டும். போகும்போது அடித்ததும் வரும்போது அடித்ததும் ஒரு முடியளவு விலகினாலும் கோட்டின் ஓரம் படிக்கட்டு போல ஆகிவிடும். அதனால் 'ஒரு பக்கமாக மட்டும் அடி, வெறுமனே திரும்பி வா' என்று கட்டளை போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எடுத்தேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தேவராஜன் தோளில் தட்டிக்கொடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை, இரண்டு நாளில் நானே மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து லாரி சரக்கோடு திரும்பி வந்தது. பாதிக்கு மேல் பெட்டிகளின் லேபிள் வாசிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆர்டரையே நிறுத்திவிடுவோம் என்று சீட்டு வேறு. உடனே மீட்டிங். முதலாளி, தேவராஜன், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர், நான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பேக்கிங்ல எண்ணெய்க் கையோட லேபிளத் தொடுறாங்க சார். மை பரவியிருக்கும்" என்றேன்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எங்கள் பாகங்கள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயில் தோய்ந்துதான் பேக்கிங்குக்கு வரும். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நிம்மதியாக மேலே போய் ஏசியில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் அறை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். பேக்கிங்கில் லேபிள் ஒட்டும் சரளா. முப்பது வயதிருக்கும். அண்ணனூரிலிருந்து ரயிலில் வருவாள். ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அந்த மாதம் அவள் பெயரும் இருந்தது கம்பெனிக்கே தெரியும். ஏனென்றால் அவளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கையில் ஒரு காகிதம்.

"சார், இத்தப் படிச்சிச் சொல்லுங்க. இங்கிலீசுல கீது."

மெமோ. எண்ணெய்க் கையால் லேபிளைக் கெடுத்துக் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்படுத்தியதற்கு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். நான் படித்துத் தமிழில் சொன்னேன். மெமோ ஃபைலில் ஏறினால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"எண்ணெய்க் கைன்னு சொன்னது யாருன்னு கேட்டேன். நீங்கதான்னாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள். "பாத்துக்கோங்க சார். ஒரு தபா மோந்துகூடப் பாருங்க."

நான் என்ன செய்வேன்? "நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா" என்று ஏதோ உளறினேன்.

"வேணும்னும் பண்ணல, வேணாம்னும் பண்ணல. பண்ணவே இல்ல சார். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கீழ வாங்க. நான் இன்னா பண்றேன்னு குந்திகினு பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

மறுநாள்தான் வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குக் கீழே போனேன். அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருடம் ஆகியும் பேக்கிங் பகுதிக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சரளா குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்து மரத்தூளை அள்ளிக் கையில் தேய்த்தாள், துணியில் துடைத்தாள். மடித்து அடுக்கியிருந்த காலி அட்டைகளை வரிசையாகப் பரப்பி லேபிள்களை ஒட்ட ஆரம்பித்தாள். அன்றைக்குப் போகவேண்டிய அத்தனை லேபிளும். பாகங்கள் இன்னும் கடைசல் பகுதியிலிருந்து வந்திருக்கவே இல்லை. எண்ணெய் ஒன்பதரை மணிக்குத்தான் தள்ளுவண்டியில் வரும்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"பின்ன? எண்ணெய் பட்டா சீட்டு ஒட்டாது சார், உரிஞ்சுகினு வந்துரும். அதுக்குத்தான் காலி அட்டையிலயே ஒட்டிர்றது. மொத நாளிலேர்ந்து இப்டித்தான். யாரு வந்து பாத்தாங்க?"

குனிந்து ஒரு லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோடுகளின் ஓரம் பல் பல்லாக இருந்தது.

"இப்பல்லாம் கோடு கோணிகினுதான் வருது. மொதல்ல வந்தது ஷோக்கா இருந்திச்சி" என்றாள் சரளா. மரத்தூள் டப்பாவின் மூடியைக் காட்டினாள். என் முதல் வார லேபிள் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. "அன்னிக்குப் பாஸாயிடுச்சின்னு எல்லாரும் குதிச்சீங்களே, ஞாபகத்துக்கு ஒண்ணு ஒட்டிகினேன்."

இரண்டு மாதமாக எண்ணெய்க் கைகள் திறந்து மூடிய மூடி அது. லேபிளின் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஆனால் கோடுகள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு பக்கமாக அடி! அந்தக் கட்டளை! அதை எடுத்த புதிதில் இரண்டு போக்கும் சரியாகவே பொருந்தியிருக்கின்றன. பிரிண்டரின் பெல்ட் தளரத் தளர, விலகிக்கொண்டே போயிருக்கின்றன. மூன்று நாள் முன்பு மீட்டிங்கில் நான் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு லேபிளை உற்றுப் பார்த்திருந்தால் போதும். படுபாவி, பார்க்கவில்லையே நான்.

தேவராஜனிடம் ஓடினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், வேகமாக அடிக்கச் சொன்னவர் அவர்தானே.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் கட்டளையப் போட்டுப் புது லேபிள் அடி. பதினோரு மணிக்கு லாரி போயாகணும். அந்தம்மா 'இனிமே கவனமா இருக்கேன்'னு ஒரு வரி எழுதிக் குடுத்துடட்டும். பர்சனல்ல நான் பேசிக்கறேன், லேசா முடிச்சிடலாம். தானா எல்லாம் சரியாயிடும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்ட யோசனை இல்லை அது. நானும் கிட்டத்தட்ட சரி என்றுதான் சொல்லப்போனேன். என் அறைக்குப் போய் அந்தக் கட்டளையைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அடிக்கும் பொத்தானில் விரலை வைத்தபோதுதான் மண்டையில் ஏறியது. நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் இன்றைக்கு லேபிளெல்லாம் வாசிக்கும். எல்லோரும் என்ன நினைப்பார்கள்? மெமோ கொடுத்தோம், கையைக் கழுவினாள், லேபிள் வாசித்தது. அவள்தான் காரணம் என்பதற்கு என் திருத்தமே சாட்சியாகிவிடும். தப்பை மறைத்துத் திருத்தினால் பழி சுமந்தவள் கடைசிவரை சுமப்பாள். லேபிளை அடிக்காமலும் இருக்க முடியாது. லாரி திரும்பினால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் அவளோடு சேர்த்து அத்தனை பேரும் தெருவில்.

இரண்டும் அடித்தேன். ஒரு பக்கமாக அடித்தது லாரிக்கு. பழையபடி இரண்டு பக்கமாக அடித்த ஒரு தாளை, யார் கையும் படாமல் கவரில் போட்டுக்கொண்டேன். கீழே போய், காலையில் ஒட்டியதன்மேல் ஒட்டச் சொல்லிப் புது லேபிளைக் கொடுத்துவிட்டு, "சரளாம்மா, அந்த டப்பாவக் குடுங்க. தப்பு என்னோடது. நான் வர்ற வரைக்கும் எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்க" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டியல் திங்கட்கிழமை முதலாளி கையெழுத்துக்குப் போகிறது. மன்னிப்புக் கேட்டுவிடு என்று மேஸ்திரியிலிருந்து மாமியார் வரைக்கும் அவளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

"அந்தக் கடுதாசிய நான் பாத்துக்கறேன் சார். நீங்க டப்பாவப் பத்தரமா எடுத்துகினு வாங்க" என்றாள்.

லாரியில் டிரைவர் பக்கத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார் அது, சாப்பாடா?"

"மரத்தூள்."

"அட! கம்பூட்டர் படிச்சா இத்தல்லாம் துன்னணுமா?" என்று கேட்டுவிட்டு வேலப்பன்சாவடி வரைக்கும் தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

கேட்டில் மூன்று மணி வரை வரிசையில் நின்ற பிறகுதான் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பீப், பீப், பீப். ஒன்றுகூடத் தவறவில்லை. ஸ்கேனர் வைத்திருந்த இன்ஸ்பெக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, "சரி, கெளம்புங்க" என்றார். நான் டப்பாவை நீட்டினேன்.

"இதையும் ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க சார்."

"யோவ், என்னய்யா இது? பின்னால எத்தன வண்டி நிக்குது தெரியுமா?"

"ஒருத்தர் வேல இதுல இருக்கு சார்" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அவர் முறைத்துக்கொண்டே மூடிமேல் ஸ்கேனரைப் பிடித்தார். சத்தம் வரவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். பீப். எண் திரையில் வந்து நின்றது. பிறகு கவரிலிருந்த புதுத் தாளைக் காட்டினேன். அப்படிப் பிடித்தார், இப்படிப் பிடித்தார், துடைத்தும் பார்த்தார். ம்ஹூம். நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதும், சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: எண்ணெய் பட்ட பழைய லேபிள் வாசிக்கிறது, கை படாத புது லேபிள் வாசிக்கவில்லை.

திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நாலு மணி அந்த நெரிசலிலேயே போயிற்று. "எழுதிக் கொடுத்திருப்பாளோ" என்று நூறு தடவை கேட்டிருப்பேன் என்னை நானே. டிரைவரும் இப்போது சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஹாரனை அழுத்திக்கொண்டே, "வுடு சார், பூந்துறலாம்" என்று சந்துக்குள் திருப்பினார்.

நாலரைக்கு டப்பாவும் கையுமாகப் பர்சனல் அறைக்குள் நுழைந்தேன். சரளா சுவரோரம் நின்றிருந்தாள். மேசைமேல் மெமோவும், அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளும். பர்சனல் ஆபீசர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க இத! விளக்கம் கேட்டா வெறும் பேப்பரக் குடுக்கறாங்க. எவ்வளவு திமிர்!"

"வெறும் பேப்பர் இல்ல சார்" என்றாள் சரளா. "அதுல என் ரெண்டு கையையும் வெச்சு நல்லா அமுக்கித்தான் குடுத்தேன். வேலய வுட்டு நேரா வந்து, கழுவக்கூட இல்ல. துடைச்சதோட சரி. கறை கீதான்னு பாத்துக்கோங்க. இல்லாத எண்ணெய எப்டி சார் எழுதறது?"

ஆபீசர் தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. நான் வந்துதான் அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் லாரியில் பதறிக்கொண்டு வந்தேன். அவளோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதினேன்: கட்டளையை எடுத்தது நான், யாருக்கும் சொல்லாதது நான், பார்க்காமலே எண்ணெய்க் கை என்று சொன்னதும் நான். எழுதிக்கொண்டிருக்கும்போதே தேவராஜன் உள்ளே வந்தார். தோளுக்குமேல் எட்டிப் படித்தார். பிறகு, "வேகமா அடின்னு சொன்னது நான்தானே. அதையும் எழுது" என்று சொல்லி, அடியில் அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பர்சனல் ஆபீசர் மெமோவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "பட்டியல்ல உங்க பேரு அப்படியேதான் இருக்கும்மா" என்றார் சரளாவிடம். பிறகு என் கடிதத்தைக் கையில் எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, பக்கத்தில் இன்னும் இரண்டு. மத்தியானம் முழுக்க அந்த மூடியைப் பிடித்திருந்த என் கை.

"என்னய்யா இது, பேப்பரெல்லாம் எண்ணெய்!"

சரளா எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"கையத் தேச்சுகினு எழுதியிருக்கலாம்ல சார்" என்றாள். "டப்பா உங்க கையிலதான கீது."